மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திய காருக்குள் தண்ணீர்

2024 அக்டோபர் 14-ம் தேதி சாயங்காலம் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று. வாங்கி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது வருஷா வருஷம் நடப்பதுதான். அதனால் புது வண்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு மூன்று இரவு தூங்கினேன். 17-ம் தேதி காலை போய்க் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாசனை. கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாகப் பனி பிடித்திருந்தன. பின்சீட்டில், இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், கார்ப்பெட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் மேலே வந்தது.

பாலத்தில் வெள்ளம் ஏறவில்லை, வேறு எங்கிருந்தோதான் வந்திருக்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதில் முக்கால்வாசி நாள் தப்பான இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

முதல் சந்தேகம் ஏசி. ஏசியின் குளிர்ந்த பகுதியில் சேரும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும், அந்தக் குழாய் அடைத்தால் உள்ளே வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொட்டுகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் ஏசியை ஓடவிட்டு அடியில் ஒரு டப்பாவை வைத்தேன். 300 மில்லி சேர்ந்தது. அதாவது குழாய் நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். விடாமல் அடியில் படுத்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூபை அந்தக் குழாய்க்குள் விட்டுக் குடைந்து, வாயால் ஊதி, முகத்தில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு எழுந்தேன். அடுத்த சில நாள் எங்கள் பக்கம் பெரிய மழை இல்லை. கார்ப்பெட் காய்ந்தது. சரி செய்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

தீபாவளி முடிந்து நவம்பரில் ஓர் இரவு நல்ல மழை. காலையில் அதே இடத்தில் அதே ஈரம். இந்தத் தடவை மகளின் பள்ளிப் பையும் அடியில் நனைந்துபோயிருந்தது, கணக்கு நோட்டு மொத்தமும் மை கலைந்துவிட்டது.

புது வண்டிதானே, வாரண்டி இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் விட்டேன். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடம் ஷவர் அடித்துப் பார்த்தோம், பின்னால் சொட்டு ஈரம்கூட இல்லை, மழையில் யாரோ கதவைத் திறந்து குடையை உள்ளே வைத்திருப்பார்கள் சார் என்றார் அட்வைசர். மூன்று இரவு பூட்டிக் கிடந்த வண்டி என்று சொன்னேன். அப்புறம் முன்கதவு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே மாற்றினீர்களா என்று கேட்டார். ஆமாம், செப்டம்பரில் ஒரு ஆக்சசரி கடையில் மாற்றினேன். அப்படியானால் வாரண்டியில் பார்ப்பது சிரமம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஸ்பீக்கருக்கும் பின்சீட்டுத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று வாக்குவாதம் செய்துவிட்டு வந்தேன். அவர் நழுவப் பார்த்தார் என்பதில் இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் விரலை வைத்தது சரியான இடத்தில்.

அந்தச் சனிக்கிழமை நானே இறங்கினேன். முதலில் உலர்த்த வேண்டும், ஈரத்தின் மேல் சோதனை செய்தால் புதுத் தண்ணீர் எது, பழைய தண்ணீர் எது என்று தெரியாது. கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்ததை நம்பவே கூடாது, அதற்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு பஞ்சு இருக்கிறது, அது குடிப்பது லிட்டர் கணக்கில். மாடி வீட்டுக்காரரிடம் தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தது, வாங்கி வந்து கார்ப்பெட்டின் மேலேயே அழுத்தி அழுத்தி உறிஞ்சினேன். தொட்டியில் சேர்ந்ததை வீட்டுப் பால் குவளையால் அளந்தால் மூன்றரை லிட்டர். நிறம் இலேசான பழுப்பு, தூசி கலந்தது. ஏசி தண்ணீர் இவ்வளவு அழுக்காக இருக்காது. ரேடியேட்டர் கூலன்ட் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் இருக்கும், அதுவும் இல்லை. மழைத் தண்ணீர்தான் என்று அப்போதுதான் உறுதியானது. இந்த ஒரு குவளை தண்ணீரை முதல் நாளே பார்த்திருந்தால் வண்டிக்கு அடியில் படுத்த வேலை மிச்சம்.

பஞ்சை நன்றாகத் தூக்கி உலர்த்த இடது முன்சீட்டைக் கழற்றினேன். நான்கு போல்ட். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று இருக்கும், அது ஏர்பேக் உடையது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து அதற்குப் பிறகுதான் அதைப் பிடுங்கினேன், அதுவரை ஒழுங்கு. மாலையில் ஜன்னல் கண்ணாடியை இறக்க வேண்டியிருந்ததால் பேட்டரியை மாட்டி சாவியைப் போட்டுவிட்டேன், சீட் வெளியே திண்ணையில் கிடந்தது. அந்த கனெக்டர் மாட்டாமல் சாவியைப் போட்டதால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சீட்டைத் திரும்ப மாட்டிய பிறகும் அணையவில்லை. வண்டியில் பதிவான அந்தக் கோளாறை அழிக்க ஸ்கேனர் கருவி வேண்டும், அதே சர்வீஸ் சென்டருக்கே போய் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் கொடுத்தேன். அட்வைசர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்த மாதிரி மட்டும் இருந்தது.

கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு பக்கம் டேபிள் ஃபேன், இன்னொரு பக்கம் பழைய செய்தித்தாள். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் செய்த ஒன்று உருப்படியாக வேலை செய்தது. ஒரு நாளிதழை மடித்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, பஞ்சுக்கு அடியில் திணித்துவிட்டு மறுநாள் காலை திரும்ப எடை போடுவேன். முதல் இரவு 118 கிராம் பேப்பர் 203 ஆனது. அடுத்த இரவு 141. எடை ஏறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையால் தொட்டுப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். தராசில் கார் பேப்பரை வைக்கலாமா என்று வீட்டில் வந்த புகார் தனிக் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை, தண்ணீர் அடித்துப் பார்க்கும் சோதனையில் முதல் தடவை சொதப்பினேன். தோட்டத்துக் குழாயை எடுத்து மேற்கூரையிலிருந்து ஆரம்பித்துப் பத்து நிமிடம் அடித்தேன். தண்ணீர் உள்ளே வந்தது. எந்த வழியாக என்று எப்படிச் சொல்வது, கூரையில் அடித்தது கண்ணாடி, கதவு, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் என்று எல்லாவற்றின் மேலும்தானே இறங்குகிறது. ஒரு முழு நாள் வீண். வைப்பருக்கு அடியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் சல்லடையில் தூங்குமூஞ்சி இலை நிறைய அடைந்திருந்ததைப் பார்த்து, அதுதான் குற்றவாளி என்று ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்ய வேண்டிய இடம்தான், மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கும் என் தண்ணீருக்கும் உறவில்லை.

மறுநாள், ஞாயிறு, கீழிருந்து மேலே போனேன். கதவுப் படியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, கோலமாவைத் தூவினேன். கல்மாவு, அரிசி மாவு இல்லை, அரிசி மாவு ஈரக் காற்றிலேயே கட்டியாகிவிடும். மகள் டார்ச்சோடு உள்ளே பின்சீட்டில். எல்லாக் கதவும் மூடி. குழாயின் வேகத்தைக் குறைத்து, முதலில் கதவுக்குக் கீழே ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் சும்மா காத்திருப்பு. அடுத்து பின்கதவின் கண்ணாடி, காத்திருப்பு, ஒன்றுமில்லை. பின்கதவில் வரவில்லை என்றதும் எனக்கு ஏமாற்றம்தான், ஈரம் அங்கேதானே இருக்கிறது. முன்கதவின் கண்ணாடிக்குப் போய் மூன்றாவது நிமிடம் உள்ளேயிருந்து கத்தினாள்.

“அப்பா, கோலம் அழியுது!”

முன்கதவுப் படியில், சீட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை மாவில் கறுப்பாக இரண்டு கோடு. கதவின் உள்பக்க பிளாஸ்டிக், மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள், அதன் அடி விளிம்பிலிருந்து சொட்டுகிறது. கதவு ரப்பர் பீடிங்குக்கு உள்பக்கமாகச் சொட்டுவதால் பீடிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. சொட்டிய தண்ணீர் படிப் பட்டைக்கு அடியில் புகுந்து, கார்ப்பெட்டின் ஓரமாக இறங்கி, தகரத்தின் மேல் ஓடுகிறது. எங்கள் வீட்டு போர்ட்டிகோ தெருவைவிட இரண்டடி உயரம், சாய்வு ஏறித்தான் வண்டி நிற்கும், மூக்கு மேலே, வால் கீழே. மேம்பாலத்திலும் ஏற்றத்தில் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். அதனால் முன்னால் நுழைந்த தண்ணீர் பஞ்சுக்கு அடியிலேயே பின்னால் ஓடிப்போய் அங்கே தேங்கியது, முன்பக்கக் கார்ப்பெட் தொட்டால் காய்ந்தே இருந்தது. சர்வீஸ் சென்டரில் சமதளத்தில் ஐந்து நிமிடம் ஷவர் அடித்துப் பின்னால் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காததும் இதனால்தான்.

டோர் பேடைக் கழற்றினேன். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்குரூ, உள் லீவருக்குப் பின்னால் சின்ன மூடிக்குள் இன்னொன்று, பவர் விண்டோ ஸ்விட்ச் பட்டையை நெம்பி எடுத்தால் கனெக்டர். பாக்கி எல்லாம் சுற்றிலும் கிளிப்புகள், அடியிலிருந்து ஆரம்பித்து ‘டப் டப்’ என்று விடுவித்துவிட்டு பேடை மேலே தூக்க வேண்டும். 280 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் நெம்புகோல் செட் போதும், ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தும் இரண்டு கிளிப் உடைந்தது.

உள்ளே பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இங்கேதான் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது கோளாறே இல்லை. கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளி வழியாக எல்லாக் கார்க் கதவுக்குள்ளும் தண்ணீர் போகும், கதவின் அடி விளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும். ஒரு சொம்பு தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றிப் பார்த்தேன், கொஞ்சம் கீழே ஓட்டைகளில் ஒழுகியது, அந்த ஓட்டைகள் அடைக்கவில்லை. தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால், தார் மாதிரி கறுப்புப் பசையால் சுற்றிலும் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் அடி ஓரம், ஒரு நாக்கு மாதிரி, கதவுத் தகரத்தில் உள்ள பிளவுக்குள் செருகியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளின் மேல் வழியும் தண்ணீர் திரும்பவும் கதவுக்குள்ளேயே விழும்.

என் வண்டியில் ஸ்பீக்கர் மாற்றிய பையன் புது ஸ்பீக்கரின் பிளேட் பெரிதாக இருந்ததால் தாளைக் கத்தியால் வெட்டி, கிழிந்த இடத்தில் அட்டைப் பெட்டி ஒட்டும் பிரவுன் டேப்பை ஒட்டியிருந்தான். டேப் நனைந்து சுருண்டு தொங்கியது. அந்த நாக்கு பிளவுக்கு வெளியே, நேராக டோர் பேடின் மேல் தண்ணீரை இறக்கிவிடுகிற மாதிரி கிடந்தது. அந்தக் கடையில் இரண்டு ஸ்பீக்கரையும் நாற்பது நிமிடத்தில் முடித்தபோது என்ன வேகம் என்று வியந்து ஐம்பது ரூபாய் டிப்ஸும் கொடுத்தவன் நான்.

அன்றே ஒட்டிவிடலாம் என்ற அவசரத்தில் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கண்ணாடி நிற சிலிகான் டியூப், 190 ரூபாய், வாங்கிவந்து கிழிசலிலும் ஓரங்களிலும் பிதுக்கி ஒட்டினேன். புளித்த வாசனை வீடு வரை வந்தது. மறுநாள் காலை தாளைப் பிடித்து இலேசாக இழுத்தால் சிலிகான் ரப்பர் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. இந்த வகைத் தாளில் சிலிகான் பிடிக்காது. ஒட்டிய சிலிகானைச் சுரண்ட அன்று மாலை இரண்டு மணி நேரம் போனது.

சரியான சாமான் ப்யூட்டில் டேப், அதாவது காய்ந்து இறுகாத ரப்பர் பசை நாடா. வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிளிப் வாங்கப் போனபோது கடைக்காரர் உடைந்த கிளிப்பைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிட்டார், ஒன்று 12 ரூபாய், பத்து வாங்கினேன். டேப்பும் அவரிடமே கிடைத்தது, 20 மி.மீ. அகலம், 5 மீட்டர், 420 ரூபாய். 24-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த ஒரு கதவுதான். கிழிந்த பழைய தாளை ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு, கட்டட வேலைக்கு விற்கும் தடித்த பாலித்தீன் ஷீட்டில் ஒரு மீட்டர், 60 ரூபாய், வாங்கி, பழைய தாளைத் தரையில் விரித்து அதன் மேல் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வெட்டினேன். அடி நாக்குக்கு மட்டும் பழையதைவிட எட்டு சென்டிமீட்டர் அதிகம் விட்டேன்.

தகரத்தில் மிச்சமிருந்த பழைய பசையை எடுக்க பெட்ரோல் எல்லாம் வேண்டாம், புது டேப்பில் கொஞ்சம் பிய்த்து உருண்டையாக உருட்டி அதன் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. டேப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொண்டேன், கத்தரியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கத்தரியே ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஒரே துண்டாக, முட்டுச் சேரும் இடம் மேல்பக்கம் வருகிற மாதிரி ஒட்டினேன், அடியில் இணைப்பு வந்தால் அங்கேதான் ஒழுகும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, ஸ்பூனின் முதுகுப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்தேன். ஒயர்கள் தாளைத் தாண்டும் இடத்தில் தனியாக ஒரு சின்ன உருண்டை. ஸ்பீக்கர் பிளேட்டுக்கும் தகரத்துக்கும் நடுவிலும் ஒரு சுற்று. கடைசியில் நாக்கைப் பிளவுக்குள் செருகி, உள்ளே போய்விட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

டோர் பேடை மாட்டுவதற்கு முன்னால் சொம்புத் தண்ணீர் சோதனை, பத்துச் சொம்பு. எல்லாம் அடி ஓட்டைகளில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் கிளிப்புகளைத் தட்டினேன்.

செலவு, ஏர்பேக் விளக்குக்கும் வீணான சிலிகானுக்கும் சேர்த்து, கோலமாவு 20 ரூபாயும் போட்டால் 1,680. உண்மையில் தேவைப்பட்டது நெம்புகோல், கிளிப், டேப், ஷீட், கோலமாவு, 900 ரூபாய்தான். இன்னொரு தடவை வண்டியில் தண்ணீர் வந்தால் ஏசி பக்கம் போக மாட்டேன், கம்பெனியிலிருந்து வந்த பிறகு யார் எதைக் கழற்றினார்கள் என்று முதலில் யோசிப்பேன், அங்கிருந்து ஆரம்பிப்பேன். சீட்டைக் கழற்றிய பிறகு சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.

நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த அன்று, எங்கள் தெருவில் விடாத மழை. வண்டியைப் பாலத்துக்குக் கொண்டுபோகவில்லை, போர்ட்டிகோவுக்கு வெளியே சாய்வில் வேண்டுமென்றே மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்திவிட்டு, பஞ்சுக்கு அடியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு செய்தித்தாள் வைத்தேன். ஒவ்வொன்றும் 118 கிராம். ஞாயிறு காலை எடுத்து எடை போட்டால் முன்னால் 119, பின்னால் 119. ஒரு கிராம் காற்றின் ஈரம் என்று வைத்துக்கொண்டேன்.

வலது கதவும் அதே பையன் கைவைத்ததுதான். பாட்டை சத்தமாக வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் கிர்ரென்று ஒரு சத்தம் இப்போது வர ஆரம்பித்திருக்கிறது. பாதி ரோல் டேப் மிச்சம் இருக்கிறது, எட்டு கிளிப்பும்.